இரண்டு பேர் பேசிய மொழி

2019ஆம் ஆண்டு ஜூன் பதினேழாம் தேதி, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, அரசுத் தொழிற்கல்லூரியின் தரைத்தளத்தில் ஆறாம் எண் அறையில் நேர்காணல் தொடங்கியது. இயந்திர வரைபடப் பிரிவில் காது கேளாதோருக்கென ஒதுக்கப்பட்ட இடங்கள் இரண்டு. விண்ணப்பித்தவர்கள் பதினொரு பேர். சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அமர்த்தப்பட்டது அந்த ஆண்டுதான் முதல் முறை.

பட்டியலில் ஏழாவதாக இருந்தவன் ஒன்பது மணிக்கே வந்துவிட்டான். பதினெட்டு வயது. கூடவே அப்பாவும் பதினாறு வயதுத் தங்கையும். அப்பா கண்ணாடிக் கடையில் சட்டங்களுக்குக் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிறவர். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் அவர் கண் முதலில் சன்னலுக்குத்தான் போகும்.

"மூணாவது சட்டத்துல ஓரப் பூச்சு மொத்தமும் உதிர்ந்து கெடக்கு. ரெண்டு மழை தாங்காது" என்றார்.

"அப்பா, இன்னைக்கு ஒரு நாளாவது கண்ணாடியைப் பாக்காம இருங்களேன்" என்றாள் தங்கை.

"பாக்காம இருக்குறதுக்கா எனக்குக் கண்ணு வச்சிருக்கு?"

தங்கை அதைக் கையால் அண்ணனுக்குச் சொன்னாள். அவன் அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சட்டத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஒரு ஆளைத் தன் இரண்டு விரல்களால் பெஞ்சின் மேல் ஓடவிட்டான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பாவுக்குப் புரியவில்லை. புரியாவிட்டாலும், தன்னைப் பற்றித்தான் என்று தெரிந்துகொண்டு அவரும் சிரித்தார். வீட்டில் எப்போதும் இப்படித்தான்.

தங்கையின் மடியில் கோப்பு இருந்தது. மதிப்பெண் பட்டியல்கள், காது பரிசோதனைச் சான்றிதழ், பள்ளியில் அவ்வப்போது கொடுத்த தாள்கள் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கியிருந்தாள். கேள்விகள் எப்படி வரும் என்று யோசித்து நாற்பது கேள்விகளை நோட்டில் எழுதி, இரண்டு வாரமாக அண்ணனிடம் கேட்டுக் கேட்டுப் பழக்கியிருந்தாள். அழைப்புக் கடிதத்தின் கீழே ‘சைகை மொழிபெயர்ப்பாளர் வசதி உண்டு’ என்று ஒரு வரி இருந்தது. அதையும் படித்தாள். துணைக்கு ஆள் இல்லாமல் வருகிறவர்களுக்காகப் போட்டது என்று நினைத்துக்கொண்டாள். அவனுக்குத்தான் அவள் இருக்கிறாளே.

ஒன்பதரை மணிக்கு மற்றவர்கள் வரத் தொடங்கினார்கள். பெரும்பாலோர் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். விடுதியோடு இருக்கிற காது கேளாதோர் பள்ளி ஒன்றில் சேர்ந்து படித்தவர்கள். தாழ்வாரம் சட்டென்று கைகளால் நிறைந்தது. எதிர்ப் பெஞ்சிலிருந்து ஒருவன், தூணுக்கு அப்பால் நின்ற இன்னொருவனோடு சண்டைக்குப் போனான். நடுவில் ஊதாச் சட்டை போட்ட ஒரு பெண் புகுந்து இருவரையும் கிண்டல் செய்தாள். நான்கு பேர் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அண்ணன் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தான். தன்னைப் போல் இத்தனை பேரை ஒரே இடத்தில் அவன் பார்த்ததில்லை. தங்கையின் முழங்கையைத் தொட்டு, ‘என்ன சொல்கிறார்கள்?’ என்று கேட்டான்.

பத்து ஆண்டுகளாக ஒரு நாளைக்கு நூறு தடவை அவன் கேட்கிற கேள்வி அது. வகுப்பில், பேருந்தில், கடையில், கல்யாண வீட்டில் எங்கும் அவள் பதில் சொல்லாமல் இருந்ததில்லை.

‘தெரியவில்லை’ என்றாள்.

ஊதாச் சட்டைப் பெண் அவன் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, அவன் முன்னால் வந்து நின்று ஏதோ கேட்டாள். அவன் எழுந்து, தன் பெயர், வீடு, எந்தப் பேருந்தில் வந்தோம் என்பதையெல்லாம் படபடவென்று சொன்னான். அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். திரும்ப மெதுவாகக் கேட்டாள். அவனும் திரும்ப மெதுவாகச் சொன்னான். பிறகு அவள் ஒரு புன்னகையோடு தன் ஆட்களிடம் போய்விட்டாள். அவன் உட்கார்ந்து, புன்னகையை முகத்திலிருந்து எடுக்க மறந்தவனாக இருந்தான்.

---

அவர்கள் இருவருடைய மொழி எந்த நாளில் பிறந்தது என்று சொல்ல முடியாது. பதினான்கு மாதக் குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் அவனுக்குக் காது போனது. அவனுக்கு இரண்டு வயதாகும்போது அவள் பிறந்தாள். அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் வேலையில் இருந்தாள். வேலைக்குப் போகும்போது இரண்டையும் ஒரே பாயில் விட்டுப் போவாள். "இவ வாயைத் தொறந்து அம்மான்னு சொல்றதுக்கு முன்னாடியே அவன்கிட்ட கையால பால் கேட்டவ" என்று அம்மா சொல்வதுண்டு. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அந்த மொழியில் ஐம்பது அறுபது சொல் தெரியும். சாப்பிடு, குளி, வா, போ, உதை வாங்குவே. அதற்கு மேல் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மகளைக் கூப்பிடுவார்கள்.

ஆறு வயதில் அவனைப் பள்ளிக்குக் கூட்டிப்போனபோது தலைமை ஆசிரியை, ஆறு மணி நேர ரயில் பயணத் தூரத்தில் இருக்கிற காது கேளாதோர் விடுதிப் பள்ளியைச் சொன்னார். அம்மா ஒரே பிடியாக மறுத்துவிட்டாள்.

"வாய் பேசாத புள்ளை டீச்சர். வயித்து வலின்னா அங்க யாருகிட்ட போய்ச் சொல்லும்?"

"அப்போ ஒண்ணு செய்யலாம். தங்கச்சி நல்லா பேசுறா இல்ல? அவளை ஒண்ணாப்புல சேர்க்குறப்போ ரெண்டு பேரையும் ஒரே பெஞ்சுல போட்டுடுவோம். அவ சொல்லிக் கொடுத்துக்குவா."

எல்லோருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. தங்கைக்கு ஆறு வயதாகும்வரை அவன் இரண்டு ஆண்டுகள் காத்திருந்தான். அந்த இரண்டு ஆண்டுகளும் அப்பாவோடு கண்ணாடிக் கடைக்குப் போனான். மற்ற வேலையாட்கள் கட்டர் போகிற சத்தத்தை வைத்து வெட்டு சரியா என்று பார்ப்பார்கள். அவன் கண்ணாடியின் மறு ஓரத்தில் விரல் நுனியை வைத்து, உள்ளே ஓடுகிற அதிர்வைக் கொண்டே சொல்லிவிடுவான். கோடு வழுக்கினால் அப்பா மணிக்கட்டில் இரண்டு தட்டுத் தட்டுவார். நிறுத்து என்று அர்த்தம். அதுவும் அவர்கள் மொழியில் சேர்ந்தது.

பள்ளியில் சேர்ந்த பிறகு மொழி காட்டுத்தனமாக வளர்ந்தது. முதலில் ஆட்களுக்குப் பெயர் வைத்தார்கள். இடுப்பில் சாவிக்கொத்தைச் சுழற்றினால் தலைமை ஆசிரியை. கால்சட்டையை இருபுறமும் பிடித்து மேலே தூக்கினால் கணக்கு வாத்தியார். உள்ளங்கையில் ஒரு கோடு கிழித்து ஒடித்தால் அப்பா. காற்றில் ஒரு அழுத்து அழுத்தித் தேய்த்தால் அம்மா. காது மடலைப் பிடித்தால் தங்கை. பிறகு பாடங்கள் வந்தன. பின்னம் என்றால் ஒடித்த கண்ணாடி. இலை உணவு தயாரிப்பது என்றால் இலைமேல் அடுப்பு. அரசியலமைப்பு என்றால் தலைமை ஆசிரியையின் சாவிக்கொத்தைத் தூக்கி எல்லோர் தலைமீதும் வைப்பது. ஆசிரியர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அவள் விரல்கள் முடித்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கும்.

ஆசிரியர்கள் யாரும் அவனோடு பேசியதில்லை. அவளோடுதான் பேசினார்கள். "உங்கண்ணனுக்குப் புரிஞ்சுதாமா?" "புரிஞ்சுது சார்." அத்தோடு முடிந்தது. எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் அவனுடைய நோட்டைப் புரட்டிவிட்டு, "இவனுக்கு எதுக்கு இயற்கணிதம்? கையெழுத்துப் போடத் தெரிஞ்சா போதாதா?" என்றார். ‘என்ன சொன்னார்?’ என்று அவன் கேட்டான். ‘உன் கையெழுத்து நன்றாக இருக்கிறதாம்’ என்றாள். அவன் அந்த நோட்டை வீட்டில் எல்லோருக்கும் காட்டினான். இந்த மாதிரி எத்தனையோ.

எழுத்து அவனுக்குப் படமாகத்தான் மனத்தில் நின்றது. விடைகளைப் பக்கத்தோடு பக்கமாக மனத்தில் பதித்து வைத்து, தேர்வில் அப்படியே வரைந்துவிட்டு வருவான். மொழிப் பாடங்களில் தட்டுத் தடுமாறித் தேறினான். வடிவியலிலும் ஓவியத்திலும் வகுப்பிலேயே முதலாவது.

---

ஐந்தாம் வகுப்பில் ஒரு டீச்சர் புதன்கிழமைகளில் வரத் தொடங்கினார். பள்ளி பள்ளியாக ஸ்கூட்டரில் போய்க் காது கேளாத பிள்ளைகளுக்குச் சைகை மொழி சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. இருபத்துமூன்று பள்ளிகள் அவருக்கு. அண்ணனை மட்டும் கடைசி இரண்டு பாடவேளைகளுக்கு நூலக மூலைக்குக் கூட்டிப்போவார். புதன்கிழமை கடைசிப் பாடவேளை கால்பந்து. அவன்தான் கோல் காப்பவன். அதனால் முதல் வாரத்திலிருந்தே அவனுக்கு எரிச்சல்.

மூன்றாவது புதன்கிழமை தங்கை நூலக வாசலில் போய் நின்றபோது, டீச்சர் ஏதோ சைகை செய்ய, அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். ‘என்ன?’ என்று அவள் கேட்டாள்.

‘ஒன்றுமில்லை’ என்றான்.

அவன் அவளிடம் ஒன்றுமில்லை என்று சொன்னது அதுவே முதல் தடவை. பத்து வயது அவளுக்கு. அது பொறுக்கவில்லை. அன்றிலிருந்து அவன் புதுச் சைகை எதைக் காட்டினாலும் புரியாதது போல் முகத்தை வைத்துக்கொண்டாள். பழைய சைகையில் சொன்னால்தான் பதில் சொன்னாள். அவன் இரண்டு வாரம் முயன்று பார்த்தான். பேச இருக்கிற ஒரே ஆள் பேசமாட்டேன் என்றால் யார்தான் என்ன செய்வார்கள்? அவனும் புதியதை விட்டுவிட்டான்.

நான்காம் மாதம் தேர்வு வைத்தார்கள். மேசையில் படங்கள் பரப்பியிருக்கும். டீச்சர் சைகை காட்டுவார். அவன் படத்தைத் தொட வேண்டும். சைகை காட்டும்போதே சொல்லை வாயாலும் சொல்லிவிடுவது அந்த டீச்சர் வழக்கம். தங்கை புத்தக அலமாரிப் பக்கம், டீச்சரின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். ‘குடை’ என்று டீச்சர் சொன்னால், இவள் தங்கள் மொழியில் குடை விரித்தாள். ‘ஆற்றங்கரை’ என்றால் ஆற்றங்கரை. அவன் முப்பதுக்கு முப்பது தொட்டான். டீச்சருக்கு ஒரே மகிழ்ச்சி. இருபத்துமூன்று பள்ளிகளில் ஒன்று குறைந்ததே என்றும் இருந்திருக்கலாம்.

‘முப்பதுக்கு முப்பது. சைகை மொழியில் நல்ல தேர்ச்சி. வகுப்பறையில் தங்கையின் உதவி போதுமானது. தொடர் பயிற்சி தேவையில்லை’ என்று மஞ்சள் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அடுத்த புதன்கிழமை அண்ணன் கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்றான். தங்கை எல்லைக்கோட்டில் நின்று தொண்டை வறளக் கத்தினாள், அவனுக்குக் கேட்காது என்று தெரிந்தும்.

---

பதினொன்று நாற்பதுக்கு ஏழாம் எண்ணைக் கூப்பிட்டார்கள். அண்ணனும் தங்கையும் சேர்ந்து எழுந்தார்கள். கதவருகே இருந்த கடைநிலை ஊழியர் கையை நீட்டித் தடுத்தார்.

"நீ இங்கயே இரும்மா. அவர் மட்டும் போகட்டும்."

"நான் இல்லாம அவனுக்கு எப்படிண்ணே..."

"உள்ளே ஆள் இருக்காரு. கோப்பை மட்டும் குடுத்தனுப்பு."

கதவின் கீழ்ப்பாதி மங்கல் கண்ணாடி, மேல்பாதி தெளிவானது. அவள் நுனிக்காலில் நின்று பார்த்தாள். மேசைக்குப் பின்னால் நீலப் பட்டறை அங்கியில் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர். சட்டைப்பையில் நான்கைந்து பென்சில்கள். அவர்தான் பிரிவுத் தலைவர். பக்கத்தில் விரிவுரையாளர் ஒருவர் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். எதிரே, அண்ணனுக்கு நேராக, மொழிபெயர்ப்பாளர். முப்பது வயதிருக்கும். தலைவரின் உதடுகள் அசைந்தன. சத்தம் வெளியே வரவில்லை. மொழிபெயர்ப்பாளரின் கைகள் அசைந்தன. அண்ணன் மரியாதையாகப் புன்னகைத்துவிட்டுத் திரும்பிக் கதவைப் பார்த்தான்.

அவள் கண்ணாடிக்கு மேலே கையைத் தூக்கினாள். ஊழியர் அதைப் பிடித்து இறக்கினார். "வேணாம்மா. பாத்தாங்கன்னா என்னைத்தான் கேப்பாங்க."

அண்ணன் திரும்பிக்கொண்டான். நாற்பது கேள்விகளுக்கான பதில்களையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லத் தொடங்கினான், எந்தக் கேள்வி கேட்டார்கள் என்று தெரியாமலே. ஏன் இந்தப் படிப்பு. அப்பா என்ன வேலை. பிடித்த பாடம் எது. கைகள் அழகாக, தெளிவாகப் போயின. மொழிபெயர்ப்பாளர் முன்னால் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலைவரிடம் திரும்பி, இரண்டு கைகளையும் விரித்தார். உலோகக் கட்டி ஒன்றை மேசையில் வைத்து, வரைதாளைக் கொடுத்தார்கள். கொஞ்ச நேரம் அண்ணனின் குனிந்த தலை மட்டும் தெரிந்தது.

அரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. "தங்கச்சி யாரு? உள்ளே வாங்க."

அவள் ஓடிப்போய் அண்ணன் பக்கத்தில் நின்றாள். அப்பா நிலைப்படியிலேயே நின்றுகொண்டார்.

"நான் சொன்னா அவனுக்கு எல்லாம் புரியும் மேடம்" என்றாள் மூச்சு வாங்க. "ஒண்ணு விடமாட்டான்."

"அதுதான்மா சிக்கல்" என்றார் பிரிவுத் தலைவர். கடுமை இல்லாத குரல். "போன வருஷம் ஒரு பையனுக்கு அவங்க மாமா வந்து பதில் சொன்னாரு. பையன் என்ன சொன்னான், மாமா என்ன சொன்னாரு, யாருக்குத் தெரியும்? ஸ்கேல் பிடிக்கத் தெரியாம ஆறு மாசத்துல நின்னுட்டான். ஒரு இடம் வீணாப் போச்சு. அதுக்குத்தான் எழுதி எழுதி, இந்த வருஷம் இவரை வாங்கியிருக்கேன்."

மொழிபெயர்ப்பாளர் அவளிடம் கேட்டார்: "எந்தப் பள்ளிக்கூடம்?"

"சாதாரணப் பள்ளிக்கூடம்தான் சார்."

"உங்கண்ணன் நல்லா பேசுறாரு. கை போற வேகத்தைப் பாத்தாலே தெரியுது. ஆனா எனக்கு ஒரு வார்த்தை புரியலை. நான் பேசுறது அவருக்கும் புரியலை. இது எங்கே பேசுறது?"

"வீட்ல சார். நாங்களே... சின்ன வயசுலேர்ந்து."

"எத்தனை பேர் பேசுவீங்க?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். "ரெண்டு பேர்."

விரிவுரையாளர் கோப்பிலிருந்து மஞ்சள் தாளை உருவினார். "இதுல தேர்ச்சி பெற்றவர்னு இருக்கே. முப்பதுக்கு முப்பது. இதைப் பாத்துத்தானே கூப்பிட்டோம்?"

அந்தத் தாளை அவள்தான் தேதி பார்த்து அடுக்கியிருந்தாள். முப்பதுக்கு முப்பது வாங்கிய தாள் என்று பெருமையாகத்தான் வைத்திருந்தாள்.

"அது நான்தான் சார். டீச்சருக்குப் பின்னாடி நின்னு காட்டினேன்."

"உனக்கு அப்போ என்ன வயசு?" என்றார் தலைவர்.

"பத்து."

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு வரைதாளை அவள் பக்கம் திருப்பினார். கட்டியின் ஒரு முகம், அதன் உண்மையான அளவில், துளைகளோடும் விளிம்புச் சரிவோடும், அரம் பட்ட கீறலோடும்கூட, தாளில் இருந்தது.

"கோடு என்னமா இருக்கு பாரு. எங்க கடைசி வருஷப் பசங்க இப்படிப் போடமாட்டாங்க. ஆனா நான் கேட்டது மூணு பக்கத் தோற்றம். பாதி அளவுல."

"இப்ப நான் சொல்றேன் மேடம். பத்து நிமிஷத்துல போட்டுடுவான்."

"போட்டுடுவான், நம்புறேன். மூணு வருஷம், தினமும், லேத் பக்கத்துல யாரு நின்னு சொல்றது? நீ வருவியா?"

"வர்றேன் மேடம்."

"பாப்பா" என்றார் அப்பா வாசலிலிருந்து.

"வர்றேம்பா. நான் பதினொண்ணாம் வகுப்பு அப்புறமா படிச்சுக்கறேன்."

"கூடாதும்மா" என்றார் தலைவர். "நீ படிக்கணும். ஒருத்தர் படிக்கறதுக்கு இன்னொருத்தர் படிப்பை விடக் கூடாதுன்னுதான் இவரை வச்சிருக்கோம்."

அவர் மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அண்ணன் முன்னால் வந்து ஒரு சைகை காட்டினார். அண்ணன் அதைக் கூர்ந்து பார்த்து, அதே போல் செய்து காட்டிவிட்டு, சரியா என்பது போலத் தங்கையைப் பார்த்தான்.

"‘நிறுத்து’ன்னு சொன்னேன்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

தங்கை தன் மணிக்கட்டில் இரண்டு தட்டுத் தட்டினாள். மேசையில் பென்சிலை எடுக்கப் போன அண்ணனின் கை அந்த நொடியே நின்றது.

"ஒரு வருஷம் கத்துக்கிட்டா வந்துடும் மேடம்" என்றார் மொழிபெயர்ப்பாளர். "இவ்வளவு உள்ள இருக்குற ஆளுக்கு ஒரு வருஷமே அதிகம். ஆனா விடுதிப் பள்ளியில பதினெட்டு வயசு வரைக்கும்தான் சேர்ப்பாங்க. இவருக்கு மார்ச்சுல முடிஞ்சிருக்கு."

"இங்கயும் அடுத்த வருஷம் வயசு தாண்டிடுமே" என்றார் விரிவுரையாளர், விண்ணப்பத்தைப் பார்த்தபடி.

"அவன் ரெண்டு வருஷம் வீட்லதான் இருந்தான் மேடம்" என்றார் அப்பா. "இவ பள்ளிக்கூடம் சேர்ற வரைக்கும்."

விரிவுரையாளர் கோப்பை மூடினார். எட்டாம் எண்ணைக் கூப்பிட்டார்கள். ஊதாச் சட்டைப் பெண் உள்ளே போனாள்.

---

தாழ்வாரப் பெஞ்சில் அண்ணன் அவள் முழங்கையைத் தொட்டான். ‘என்ன சொன்னார்கள்?’

‘உன் கோடு நன்றாக இருக்கிறதாம்’ என்று தொடங்கினாள். அது பொய்யில்லை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பத்து ஆண்டுகள் அவள் கைகள் அப்படித்தான் பழகியிருந்தன. அவன் காத்திருந்தான். அவள் தொடர்ந்தாள். இடம் இல்லை என்பதை, ஏன் இல்லை என்பதை, மஞ்சள் தாளை, அலமாரிப் பக்கம் தான் நின்றதை, அதற்கு முன் புரியாதது போல் முகத்தை வைத்துக்கொண்டதை, ஒன்றுவிடாமல் சொன்னாள். கணக்கு வாத்தியார் அன்று கையெழுத்தைப் பற்றி உண்மையில் என்ன சொன்னார் என்பதையும் சொன்னாள். அதை ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவன் கண்ணெடுக்காமல் பார்த்தான். முடிந்ததும் எதிர்ப் பெஞ்சைக் காட்டி, ‘அவர்கள் பேசுவது கடினமா?’ என்று கேட்டான்.

‘தெரியாது.’

அவன் யோசித்து, வலது கையால் ஒரு சைகை செய்தான். அவர்களுடைய மொழியில் அது இல்லை. ‘புதன்கிழமை டீச்சர் சொல்லிக்கொடுத்தது. அன்றைக்குச் சிரித்தேனே, அது. என்னவென்று மறந்துவிட்டது. கேட்டுச் சொல்.’

சற்று நேரம் கழித்து மொழிபெயர்ப்பாளர் தேநீர் குடிக்க வெளியே வந்தார். அவள் போய்க் கேட்டாள். அவர் வந்து, அண்ணனைத் திரும்பச் செய்யச் சொல்லிப் பார்த்தார். பக்கவாட்டிலிருந்தும் பார்த்தார்.

"இது பாதிதான்மா. இடது கையும் ஏதோ செய்யணும். அது இல்லாம எதுன்னு சொல்ல முடியாது."

அவள் அதைச் சொன்னாள். அண்ணன் தன் இடது கையைப் பார்த்தான்.

மொழிபெயர்ப்பாளர் ஒரு துண்டுத் தாளில் முகவரி எழுதினார். "ஞாயித்துக்கிழமை மதியம் நாங்க சிலர் கூடுவோம். எங்கப்பா அம்மா ரெண்டு பேருக்கும் காது கேக்காது, அவங்களும் இருப்பாங்க. வரச் சொல்லுங்க." அவள் கையை நீட்டினாள். அதற்குள் அண்ணன் அதை வாங்கி மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

பேருந்தில் அவன் சன்னலோரம் உட்கார்ந்தான். இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைகளுக்குள் விட்டுக்கொண்டான். வாயை மூடிக்கொள்வது என்பது அவனுக்கு அதுதான். அப்பா பின் இருக்கையிலிருந்து எட்டி, "பாப்பா, ஏதாவது பேசச் சொல்லும்மா" என்றார். அவள் அவன் முழங்கையை இரண்டு தடவை தொட்டாள். கைகள் வெளியே வரவில்லை.

அம்மா வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றும்போதே மகளைப் பார்த்துக் கேட்டாள்: "அவன் என்ன சொல்றான்?"

"ஒண்ணுமில்லம்மா" என்றாள் தங்கை.

ஜூலை முதல் தேதி இயந்திர வரைபடப் பிரிவில் ஒதுக்கப்பட்ட இரண்டு இடங்களும் நிரம்பின. ஒன்று ஊதாச் சட்டைப் பெண்ணுக்குக் கிடைத்தது. அண்ணனின் கோப்பு தபாலில் திரும்பி வந்தது. மஞ்சள் தாளும் அதில் இருந்தது. அவன் அப்பாவின் கடையில் வெட்டுகிறவனாகச் சேர்ந்தான். தங்கை பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவில் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அவன் துண்டுத் தாளில் இருக்கும் முகவரிக்குப் போய்வருகிறான். தங்கையைக் கூட்டிப்போவதில்லை.